ஆழம் பார்க்கும் கண்கள்



 இந்த மருத்துவ ஊழியத்தை ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்கி வருகிற ஒவ்வொரு குடும்பத்தையும் ஒவ்வொரு சபையையும் எங்கள் காலை ஆராதனையில் நன்றியோடு நினைவுகூருகிறோம்.

கீழவைப்பாரில் பிள்ளைகளுக்காக நாம் நடத்திய கண் பரிசோதனை முகாமைப் பற்றி எழுதும்படி என்னைக் கேட்டார்கள். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை கண்ணாடி வழங்கினோம் என்ற கணக்கை நிர்வாகத்தார் தனியே தருவார்கள். அன்று ஒரு தாய் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அதற்கு என்னால் அந்த இடத்தில் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு நம்முடைய கண் டாக்டரம்மாவிடம் பலமுறை கேட்டும், அவர்கள் கொடுத்த புத்தகங்களை வாசித்தும் விளங்கிக்கொண்டதை இந்த மடலில் எழுதுகிறேன். நான் வைத்தியன் அல்ல. வார்டுகளில் நோயாளிகளோடு ஜெபிக்கிறவன். ஆகையால் எனக்கு விளங்கிய எளிய முறையிலேயே சொல்லுகிறேன்.

ஒரே வீட்டின் இரண்டு பிள்ளைகள்

தூத்துக்குடிக்கு வடக்கே, வைப்பாறு கடலில் சேரும் இடத்தை ஒட்டியிருக்கிறது கீழவைப்பார். முன்னொரு காலத்தில் முத்துக்குளித்த கரை இது. 1961ஆம் ஆண்டோடு இந்தக் கடலில் அரசாங்கம் நடத்திய முத்துக்குளிப்பு நின்றுபோயிற்று. இன்று மீன்பிடிப்பும், சங்கு குளிப்பும், சுற்றுவட்டாரத்து உப்பளங்களும் இந்தப் பகுதி மக்களுக்குச் சோறு போடுகின்றன. பெரும்பாலும் கத்தோலிக்கச் சபையைச் சேர்ந்த மீனவக் குடும்பங்கள். பங்குத்தந்தை அவர்கள் மனமுவந்து மண்டபத்தைக் கொடுத்து, பூசை முடிந்ததும் முகாமைப் பற்றி அறிவிக்கவும் செய்தார்கள்.

அங்கே ஒரு தாய் தன் 4 வயது மகளை அழைத்து வந்திருந்தார். பிள்ளையின் இடது கண் மூக்குப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. ஆறு மாதமாகத்தான் இப்படி இருக்கிறது என்றார். பக்கத்தில் அவருடைய மூத்த மகன், 18 வயது வாலிபன், நின்றுகொண்டிருந்தான். அவனுக்கும் அதே இடது கண், அதே சாய்வு. கப்பல் வேலைக்குப் போக வேண்டும் என்று ஆசைப்பட்டு மருத்துவப் பரிசோதனைக்குப் போனவனைப் பார்வைக் குறைவு என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

அவனைக் கண்டதும் எனக்கு நினைவு வந்துவிட்டது. 14 ஆண்டுகளுக்கு முன் அவனுடைய தகப்பனார் காலில் காயத்தோடு நம் மருத்துவமனையில் படுத்திருந்தார். அப்போது இவன் 4 வயதுப் பிள்ளை, கட்டிலடியில் விளையாடிக்கொண்டிருப்பான். "இவனுக்குக் கண்ணு கொஞ்ச நாளா இப்படிப் போகுது ஐயா. எங்க அத்தை இது அதிர்ஷ்டக் கண்ணுன்னு சொல்லுறாங்க" என்று இதே தாய் என்னிடம் சொன்னார். அதிர்ஷ்டம் என்ற பேச்சை நான் கண்டித்தேன். ஆனால் அதோடு, "வளர வளரச் சரியாகிவிடும் அம்மா, ஜெபம்பண்ணுவோம்" என்றும் சொன்னேன். கண் பிரிவு பத்தடி தூரத்தில் இருந்தது. அங்கே அழைத்துப்போக எனக்குத் தோன்றவில்லை.

முகாமில் டாக்டரம்மா இருவரையும் சோதித்தார்கள். ஒரு பெரிய ஈயின் படம் வைத்திருந்தார்கள். அதற்கென்று உள்ள கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தால் ஈயின் இறக்கைகள் தாளை விட்டு மேலே எழும்பி நிற்கும். இரு கண்ணும் சேர்ந்து வேலை செய்கிறவர்கள் இறக்கையைப் பிடிக்க விரலை நீட்டும்போது விரல் தாளுக்கு மேலே காற்றிலேயே நின்றுவிடும். நான் போட்டுப் பார்த்தேன். அறியாமலே கையைப் பின்னுக்கு இழுத்தேன். அந்த வாலிபன் விரலைத் தாளின்மேல் வைத்து, "ஈ படம் ஐயா, வேறென்ன?" என்றான். அவன் தங்கையும் தாளைத்தான் தொட்டாள்.

மூத்தவனைக் குறித்து டாக்டரம்மா சொன்னது இதுதான்: கண்ணை ஆபரேஷன் மூலம் நேராக்கலாம்; ஆனால் அந்தக் கண்ணின் பார்வையும் இரு கண்ணும் சேர்ந்து காணும் காட்சியும் அதனால் வந்துவிடும் என்று சொல்ல முடியாது. அந்தத் தாய் என்னைத் தனியே அழைத்துக் கேட்டார்: "கண்ணு ரெண்டும் இருக்கு. நேராவும் ஆக்கிரலாம்னு சொல்லுறாங்க. அப்புறம் எதைத்தான் ஐயா வராதுன்னு சொல்லுறாங்க?"

இரு கண், இரு படம்

வாசிக்கிற நீங்கள் இப்போதே ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். கையை முன்னே நீட்டி, கட்டைவிரலை உயர்த்துங்கள். வலக்கண்ணை மூடி இடக்கண்ணால் பாருங்கள். பிறகு இடக்கண்ணை மூடி வலக்கண்ணால் பாருங்கள். விரல் அசையாமலிருக்க, பின்னாலுள்ள சுவரில் அது இடம் மாறிக் குதிப்பதைக் காண்பீர்கள். நம் இரு கண்மணிகளுக்கும் நடுவே ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு கண்ணும் உலகத்தைச் சற்றே வேறு இடத்திலிருந்து பார்க்கிறது. ஒவ்வொரு கணமும் நமக்குள் இரண்டு படங்கள் விழுகின்றன. ஆனால் நாம் காண்பதோ ஒரே காட்சி.

இன்னொரு சோதனை. ஒரு கையில் பேனாவையும் மறு கையில் அதன் மூடியையும் வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, கைகளை நீட்டியபடியே பக்கவாட்டிலிருந்து கொண்டுவந்து மூடியைப் போடுங்கள். பலருக்கு முதல் முயற்சி தவறிப்போகும். இரு கண்ணையும் திறந்தால் சுலபமாகப் போட்டுவிடலாம்.

இந்த இரண்டு படங்களிலிருந்து ஆழம் எப்படிப் பிறக்கிறது? மீனவச் சகோதரர்களுக்கு இதை விளக்குவது எளிது. கரையிலிருந்து வெகுதூரத்தில், அடையாளம் ஒன்றுமில்லாத நீர்ப்பரப்பில், மீன் கூடும் பார் எங்கே இருக்கிறது என்று பழைய ஆட்கள் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? கரையிலுள்ள ஆலயக் கோபுரமும் அதற்குப் பின்னாலுள்ள ஒரு பனையும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரியும்படி வள்ளத்தை நிறுத்துவார்கள். அது ஒரு கோடு. வேறொரு பக்கத்தில் ஒரு மேடும் ஒரு கட்டடமும் அதேபோல நேராக வர வேண்டும். அது இரண்டாவது கோடு. இரண்டு கோடும் வெட்டிக்கொள்ளும் இடத்தில்தான் பார். ஒரு கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு இடத்தைச் சொல்ல முடியாது. அந்தக் கோட்டின்மேல் எங்கே வேண்டுமானாலும் வள்ளம் இருக்கலாம். இதைக் கணியம் பார்ப்பது என்று கரையோரத்தில் சொல்லுவார்கள். இன்று ஜி.பி.எஸ். கருவி வந்துவிட்டது. ஆனாலும் பெரியவர்களின் மனதில் அந்தக் கோடுகள் அழியவில்லை.

நம் கண்கள் செய்வதும் கணியம்தான். ஒரு கண் கொடுப்பது ஒரு கோடு: பொருள் இந்தத் திசையில் இருக்கிறது என்று மட்டும் அது சொல்லும். மறு கண் இன்னொரு கோட்டைக் கொடுக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் பொருள் இருக்கிறது. 60 சென்டிமீட்டர் தூரத்திலுள்ள பொருளில் இந்தக் கோடுகள் ஏறக்குறைய 6 டிகிரி கோணத்தில் சந்திக்கின்றன. 6 மீட்டர் தூரத்தில் அந்தக் கோணம் அரை டிகிரி அளவுக்குக் குறைந்துவிடுகிறது. ஆகவேதான் இந்த வரம் கைக்கெட்டும் தூரத்து வேலைகளுக்கே மிகவும் உதவுகிறது: ஊசியில் நூல் கோப்பதற்கு, வலை பொத்துவதற்கு, டம்ளரில் தண்ணீர் ஊற்றுவதற்கு, படகிலிருந்து ஜெட்டியில் கால் வைப்பதற்கு. தொலைவிலுள்ள தீவையோ விளக்குக்கூண்டையோ பார்க்கையில் இரு கண்ணின் படத்திலும் வேற்றுமை அநேகமாக இல்லை.

தட்டைத் தாளில் எழுந்த ஆழம்

இந்த உண்மையை முதன்முதல் தெளிவாக நிரூபித்தவர் லண்டனில் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியராக இருந்த சார்லஸ் வீட்ஸ்டன். 1838ஆம் ஆண்டில் அவர் ஒரு கருவியைப் பற்றி எழுதி வெளியிட்டார். ஒரே பொருளை இடக்கண் காண்பது போல ஒரு கோட்டுப்படமும் வலக்கண் காண்பது போல ஒரு கோட்டுப்படமும் வரைந்து, கண்ணாடிகளைக் கொண்டு ஒவ்வொரு கண்ணுக்கும் அதனதன் படத்தை மட்டும் காட்டினார். இரண்டும் தட்டையான தாள்கள். ஆனால் பார்க்கிறவருக்கோ அந்தப் பொருள் கனமும் ஆழமும் உள்ளதாக முன்னே எழுந்து நின்றது. 1984ஆம் ஆண்டில் வெளிவந்த மை டியர் குட்டிச்சாத்தான் என்ற மலையாளப் படத்தை, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தவர்கள் உங்களில் இருப்பார்கள். இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம் அது. திரையிலிருந்து ஐஸ்கிரீம் தன் முகத்துக்கு நேரே வந்ததாக எங்கள் தெருப் பிள்ளைகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். திரை தட்டையாகத்தான் இருந்தது. ஆழம் பிள்ளைகளின் தலைக்குள் உண்டாயிற்று.

1960ஆம் ஆண்டில் பேலா யூலெஸ் என்ற விஞ்ஞானி இன்னும் ஒரு படி போனார். கறுப்பும் வெள்ளையுமான புள்ளிகளை ஒழுங்கில்லாமல் இறைத்தது போன்ற இரண்டு படங்களை அமைத்தார். எதைப் பார்த்தாலும் வெறும் புள்ளிகள். உருவம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு படத்தில் நடுவிலுள்ள ஒரு சதுரத்துப் புள்ளிகளை மட்டும் சற்றே பக்கவாட்டில் நகர்த்தி வைத்திருந்தார். இரு கண்ணுக்கும் தனித்தனியே இந்தப் படங்களைக் காட்டியபோது, அந்தச் சதுரம் மற்றப் புள்ளிகளை விட்டு மேலே மிதந்தது! இந்தப் புள்ளி அந்தப் புள்ளியின் ஜோடி என்று ஆயிரக்கணக்கான புள்ளிகளை மூளை ஒரு நொடிக்குள் பொருத்திப் பார்த்துவிடுகிறது. நமக்குத் தெரியாமலே நமக்குள் நடக்கும் கணக்கு இது. நம்மை உருவாக்கினவருடைய கைவேலையை எண்ணிச் சங்கீதக்காரன் வியந்ததில் ஆச்சரியம் என்ன!

கோடுகள் சந்திக்கும் இடம்

ஒவ்வொரு கண்ணிலிருந்தும் பார்வை நரம்பு புறப்பட்டு மூளைக்குப் போகிறது. வழியில் இரண்டு நரம்புகளும் சந்திக்கும் ஒரு சந்திப்பு உண்டு. அங்கே ஒவ்வொரு கண்ணின் நரம்பிழைகளிலும் ஏறக்குறைய பாதி மறுபக்கம் கடந்து போகின்றன; மீதி தன் பக்கத்திலேயே போகின்றன. இதனால் இரு கண்ணும் ஒரே இடத்தைப் பற்றிச் சொல்லும் செய்திகள் மூளையின் ஒரே பகுதிக்கு வந்து சேருகின்றன. அந்தப் பகுதி பிடரிப் பக்கத்தில் இருக்கிறது. அங்கேதான் முதன்முறையாக, இரு கண்ணின் செய்தியையும் ஒன்றாகக் கேட்கும் உயிரணுக்கள் இருக்கின்றன. இரண்டு செய்திகளுக்கும் இடையே உள்ள சிறு வேற்றுமையை அவை அளக்கின்றன.

அமெரிக்காவில் டேவிட் ஹூபெல், டார்ஸ்டன் வீசல் என்ற இருவர் 1960களில் பூனைக்குட்டிகளைக் கொண்டு இதை ஆராய்ந்தார்கள். பிறந்த குட்டியின் ஒரு கண்ணைச் சில மாதங்கள் மூடி வைத்துவிட்டுத் திறந்தார்கள். கண்ணுக்கு ஒரு கேடும் இல்லை. ஆனால் மூளை அந்தக் கண்ணுக்குச் செவிகொடுப்பதை நிறுத்திவிட்டிருந்தது. வளர்ந்த பூனையின் கண்ணை அதேபோல மூடித் திறந்தபோது அப்படி ஒன்றும் நேரவில்லை. வேறு குட்டிகளுக்குக் கண்ணை மூடாமல் மாறுகண் மட்டும் உண்டாக்கினார்கள். அப்போது ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியே உயிரணுக்கள் இருந்தன. இரு கண்ணுக்கும் சேர்ந்து செவிகொடுப்பவை மிகவும் குறைந்துபோயின. 1981ஆம் ஆண்டு நோபல் பரிசில் இவ்விருவருக்கும் பங்கு கிடைத்தது.

மனிதப் பிள்ளைக்கும் இந்தக் காலக்கணக்கு உண்டு. பிறந்த குழந்தைக்கு இரு கண்ணால் ஆழம் காணத் தெரியாது. மூன்று முதல் ஐந்து மாதத்துக்குள் அது தொடங்குகிறது, பிள்ளைப்பருவத்தில் திடப்படுகிறது. முதல் ஏழெட்டு ஆண்டுகள் மிகவும் முக்கியமானவை. அந்தக் காலத்தில் இரு கண்ணும் ஒரே இடத்தைப் பார்த்தால்தான் மூளை கணியம் கற்றுக்கொள்ளும்.

மூளை அணைத்துவிடும் கண்

ஒரு கண் சாய்ந்துவிட்டால் என்ன ஆகும்? இரண்டு படங்களும் பொருந்துவதில்லை. பெரியவர்களுக்கு இது நேர்ந்தால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்து தலைசுற்றும். பிள்ளையின் மூளையோ இளகிய களிமண் போன்றது. குழப்பத்தைத் தவிர்க்க, சாய்ந்த கண்ணின் செய்தியை அது அணைத்துவிடுகிறது. பிள்ளைக்கு வலி இல்லை, புகார் இல்லை. ஓடுகிறது, விளையாடுகிறது. ஆனால் பயன்படாத அந்தக் கண்ணின் பார்வை நாளாக நாளாக மங்குகிறது. இதைச் சோம்பேறிக் கண் என்று சொல்லுகிறார்கள். பாவம், அந்தக் கண் சோம்பேறியல்ல. அது சொல்லுவதைக் கேட்க ஆளில்லை.

மாறுகண் இல்லாமலும் இது நேரலாம். ஒரு கண்ணில் பவர் அதிகமாயிருந்து மறு கண்ணில் குறைவாயிருந்தால், வெளியே ஒன்றும் தெரியாது. மூளை தெளிவான கண்ணை மட்டும் வைத்துக்கொள்ளும். பிறவிக் கண்புரை பார்வையை மறைத்தாலும் இப்படியே.

நம் கீழவைப்பார்ப் பிள்ளைகள் இருவருக்கும் நேர்ந்தது என்ன? இருவருக்கும் பிளஸ் பவர் மிகுதியாக இருக்கிறது. அப்படிப்பட்ட பிள்ளை எதையும் தெளிவாகப் பார்க்கக் கண்ணுக்குள் மிகுந்த பிரயாசம் எடுக்க வேண்டும். கிட்டத்தில் பார்க்கும் பிரயாசமும் கண்கள் உள்நோக்கித் திரும்புவதும் ஒரே நுகத்தில் பூட்டிய இரண்டு மாடுகள். ஒன்று இழுத்தால் மற்றதும் வரும். அதனால் இரண்டு மூன்று வயதில், படம் பார்க்கவும் சிறு பொருளைக் கவனிக்கவும் தொடங்கும்போது கண் உள்ளே சாய்கிறது. இப்படிப்பட்ட மாறுகண் குடும்பங்களில் வருவதுண்டு. இதற்கு முதல் வைத்தியம் ஆபரேஷன் அல்ல, சரியான பவருள்ள ஒரு மூக்குக்கண்ணாடி.

டாக்டரம்மா இதைச் சொன்னபோது நான் சிறிது நேரம் பேசாமலிருந்தேன். 14 ஆண்டுகளுக்கு முன் அந்தப் பிள்ளைக்கு வேண்டியிருந்தது அநேகமாக ஒரு கண்ணாடி.

"வளர்ந்தால் சரியாகிவிடும்"

என்னைப் போல அநேகர் இப்படிச் சொல்லுவதற்குக் காரணமும் உண்டு. சில குழந்தைகளுக்கு மூக்கின் மேல்பகுதி அகலமாயிருப்பதால் கண் சாய்ந்தது போலத் தோன்றும். முகம் வளர்ந்ததும் அந்தத் தோற்றம் மறைந்துவிடும். பிறந்த முதல் சில மாதங்களில் கண்கள் அவ்வப்போது விலகிப்போவதும் இயல்பே. இவற்றைக் கண்டவர்கள் எல்லாப் பிள்ளைக்கும் இதே கதை என்று எண்ணிவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகும் கண் சாய்ந்தால், அது தோற்றமா, உண்மையா என்று சொல்ல வேண்டியவர் கண் மருத்துவரே. பாட்டியும் சொல்லக்கூடாது, போதகரும் சொல்லக்கூடாது.

இன்னும் சில அடையாளங்களைக் கவனியுங்கள். பிள்ளை தலையைச் சாய்த்தே பார்க்கிறதா? புத்தகத்தை மூக்கோடு வைத்துப் பிடிக்கிறதா? வெயிலில் எப்போதும் ஒரே கண்ணை மூடிக்கொள்கிறதா? உப்பளத்தின் வெண்மையும் கடலின் பளபளப்பும் உள்ள நம் கரையில் எல்லாருமே கண்ணைச் சுருக்குகிறோம். அதனால் இந்த அடையாளம் தவறிப்போகிறது. இரு கண்ணையும் சுருக்குவது வெயிலால். ஒரே கண்ணை எப்போதும் மூடினால் காட்டிவிட வேண்டும். கண்மணியில் வெண்மை தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அது கண்புரையாக இருக்கலாம். உயிருக்கே ஆபத்தான கட்டியாகவும் இருக்கலாம்.

சிகிச்சை என்னவென்றால், முதலில் கண்ணாடி. பிறகு, மங்கின கண்ணை மூளை மறுபடியும் கேட்கும்படி, நல்ல கண்ணை நாளுக்குச் சில மணி நேரம் ஒட்டுப் போட்டு மூடுகிறார்கள். குறை மிதமாயிருந்தால் பெரும்பாலும் இரண்டு மணி நேரமே போதும். தேவைப்பட்டால் கண்ணைச் சுற்றியுள்ள தசைகளில் ஆபரேஷன். கண்ணை வெளியே எடுத்து வைத்துத் திரும்பப் பொருத்துவார்கள் என்ற பயம் கிராமங்களில் உண்டு. அப்படி ஒன்றும் இல்லை. ஆபரேஷன் கண்ணை நேராக்கும். கேட்கப் பழகவேண்டியது மூளை.

ஒற்றைக் கண்ணும் வீணல்ல

இரு கண்ணால் ஆழம் காண முடியாதவர்கள் வாழ்க்கையில் தோற்றவர்கள் என்று எண்ண வேண்டாம். முன்னால் இருப்பது பின்னால் இருப்பதை மறைக்கும். தூரத்திலுள்ளது சிறிதாகத் தெரியும். தலையை அசைத்தால் கிட்டேயுள்ளது வேகமாக நகரும். இந்த அடையாளங்களைக் கொண்டு ஒற்றைக் கண்ணே தூரத்தைக் கணிக்கிறது. கிரிக்கெட் வீரர் மன்சூர் அலி கான் பட்டோடி 1961ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஒரு கார் விபத்தில் வலக்கண்ணின் பார்வையை ஏறக்குறைய முற்றிலும் இழந்தார். முதலில் டம்ளரில் தண்ணீர் ஊற்றினால்கூட வெளியே போயிற்றாம். ஆனாலும் மறு ஆண்டே, 21 வயதில், இந்திய அணிக்குத் தலைவரானார்.

நீருக்கடியிலும் மூளை இப்படித்தான் பழகுகிறது. முகக்கண்ணாடி போட்டுக்கொண்டு மூழ்கினால், ஒளி தண்ணீரிலிருந்து காற்றுக்கு வரும்போது வளைவதால், எல்லாம் கால் பங்கு கிட்டே வந்ததாகவும் பெரிதாகவும் தெரியும். நாலு முழத்திலுள்ள சங்கு மூன்று முழத்தில் இருப்பது போலத் தோன்றும். "புதுசா குளிக்கிறவன் கை சங்குக்கு முன்னாலேயே மண்ணை அள்ளும் ஐயா. பழகிட்டா கை தானா சரியாப் போகும்" என்றார் முகாமுக்குப் பேரனை அழைத்து வந்த ஒரு பெரியவர். கண் மாறவில்லை, மூளை கணக்கைத் திருத்திக்கொண்டது.

பெரியவர்களுக்கும் கதவு முற்றிலும் அடைபடவில்லை என்று இப்போது தெரிகிறது. அமெரிக்காவில் சூசன் பேரி என்ற நரம்பியல் பேராசிரியைக்குக் குழந்தைப்பருவத்திலேயே மாறுகண். சிறு வயதில் ஆபரேஷன்கள் செய்து கண்கள் நேராகத் தோன்றின. ஆனால் உலகம் தட்டையாகவே இருந்தது. 48ஆம் வயதில், 2002ஆம் ஆண்டில், தொடர்ந்து செய்த கண் பயிற்சியின் பயனாக அவருக்கு ஆழம் தெரியத் தொடங்கியது. காருக்குள் உட்கார்ந்தபோது ஸ்டியரிங் வளையம் தன்னை நோக்கி எழும்பி நின்றதாக எழுதியிருக்கிறார். ஆனால் எல்லாருக்கும் இப்படி நடக்கும் என்று எந்த மருத்துவரும் வாக்குக்கொடுப்பதில்லை. பிள்ளைப்பருவத்தில் ஒரு கண்ணாடியும் ஒட்டும் செய்யக்கூடியதைப் பிற்பாடு பெரும் பிரயாசத்தோடு தேட வேண்டியிருக்கிறது.

பெத்சாயிதாவில் இரண்டு தொடுதல்

மாற்கு 8ஆம் அதிகாரத்தில் நம் ஆண்டவர் ஒரு குருடனைச் சுகமாக்கும் சம்பவம் உண்டு. அதுவும் பெத்சாயிதா என்ற மீனவ ஊரில். முதல் தொடுதலில் அவனுக்குப் பார்வை வந்தது. ஆனால் நடக்கிற மனிதர்கள் அவனுக்கு மரங்களைப் போலத் தெரிந்தார்கள். ஆண்டவர் மறுபடியும் கைவைத்தார். அப்போது தெளிவாகக் கண்டான். சீஷர்கள் ஆண்டவரைக் கண்டும் அறிந்துகொள்ளாதிருந்த நிலையை மாற்கு இதன் மூலம் காட்டுகிறார் என்று செமினரியில் படித்தோம். அது சரியான விளக்கமே. சுவிசேஷகர் கண் மருத்துவம் எழுதவில்லை.

ஆனாலும் டெல்லியில் நடந்துவரும் பிரகாஷ் என்ற திட்டத்தைப் பற்றி வாசித்தபோது இந்தப் பகுதி என் மனதில் வந்தது. பவன் சின்ஹா என்ற இந்திய விஞ்ஞானியும் மருத்துவர்களும், பிறவிக் கண்புரையால் பார்வையற்றிருந்த பிள்ளைகளுக்கு ஆபரேஷன் செய்து, அவர்கள் எப்படிப் பார்க்கக் கற்றுக்கொள்கிறார்கள் என்று கவனித்தார்கள். கையால் தொட்டு அறிந்த பொருளைக் கண்ணால் பார்த்து அடையாளம் சொல்ல அந்தப் பிள்ளைகளுக்கு உடனே முடியவில்லை என்று 2011ஆம் ஆண்டில் எழுதினார்கள். சில நாட்களில் கற்றுக்கொண்டார்கள். கண் திறப்பது ஒரு வரம். காணக் கற்றுக்கொள்வது இன்னொரு வரம். நம் ஆண்டவர் முதல் தொடுதலோடு அந்த மனிதனை விட்டுவிட்டுப் போகவில்லை.

அந்தத் தாயின் கேள்விக்கு என் பதில் இதுதான். கண் இருக்கிறது, ஒளியும் உள்ளே போகிறது. இரண்டு கண்ணின் செய்தியையும் சேர்த்து ஒரே காட்சியாகக் கட்டுவதற்கு மூளை பழக வேண்டிய நாட்களில் அது பழகவில்லை. வராது என்று அவர்கள் சொன்னது அந்தப் பழக்கத்தை. இதை நான் அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். 14 ஆண்டுகளுக்கு முன் நான் சொன்ன வார்த்தைக்காக மன்னிப்பும் கேட்டேன். "நீங்க மட்டுமா ஐயா சொன்னீங்க? எல்லாருந்தான் சொன்னாங்க" என்றார். அது என் பாரத்தைக் குறைக்கவில்லை.

தங்கைக்குக் கண்ணாடி கொடுத்து ஐந்து மாதமாகிறது. கண்ணாடி போட்டிருக்கும்போது கண்கள் நேராக நிற்கின்றன. நாள்தோறும் மாலையில் இரண்டு மணி நேரம் நல்ல கண்ணில் ஒட்டுப் போடுகிறார்கள். பிள்ளை அழும், பிய்த்துப் போடும். அதை ஒட்டிவிட்டு, கூடவே உட்கார்ந்து படம் வரையச் செய்து, நேரம் பார்த்து எடுத்துவிடுகிறவன் அவள் அண்ணன். போன வாரம் மறுபரிசோதனைக்கு அவன்தான் பஸ்ஸில் அழைத்து வந்தான். ஈ படத்தைக் காட்டினார்கள். பிள்ளை விரலை நீட்டினாள். விரல் தாளுக்கு மேலே, காற்றில் நின்றது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, "கடிக்குமா?" என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டாள்.

அவன் அந்தப் படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "எனக்கும் இப்படித் தெரிஞ்சிருக்குமா டாக்டர்?" என்று கேட்டான். டாக்டரம்மா உண்மையையே சொன்னார்கள். கண்ணை நேராக்கும் ஆபரேஷனுக்கு வரும் மாதத்தில் நாள் குறித்திருக்கிறோம்.

பிரியமானவர்களே, உங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளியில் ஒரு நாளைப் பிள்ளைகளின் கண்ணுக்காக ஒதுக்குங்கள். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் எழுத்தை வாசிக்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் அருகிலுள்ள கண் மருத்துவரிடம் அனுப்புங்கள். அதிர்ஷ்டக் கண் என்ற பேச்சைக் கேட்டால் சும்மா இருக்க வேண்டாம். நீங்கள் அனுப்பும் காணிக்கை இந்தக் கரையோரத்துப் பிள்ளைகளுக்குக் கண்ணாடியாகவும் ஒட்டாகவும் போய்ச் சேருகிறது.

ஜெபக்குறிப்புகள்: கீழவைப்பாரின் அந்தச் சிறுமி சிகிச்சையை இடைவிடாமல் தொடர, அவள் அண்ணனின் ஆபரேஷனுக்காகவும், அவனுக்கு ஏற்ற ஒரு வேலை கிடைக்கவும், நம் கண் பிரிவின் டாக்டரம்மாவுக்கும் செவிலியருக்கும் நல்ல சுகபெலன் கிடைக்க, மற்றக் கரையோர ஊர்களிலும் பிள்ளைகளுக்கான முகாம்கள் நடத்த வாசல் திறக்கப்பட.

ஆண்டவர் உங்களை ஆசீர்வதிப்பாராக.

அவருடைய பணியில்,
மருத்துவமனைப் போதகர்